அவர் மூச்சு வாங்கிய இடம்

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் தெரு முனையில் ஒலிபெருக்கி கட்டினால், சாமி பாட்டுகளில் இரண்டாவதோ மூன்றாவதோ அந்தப் பாட்டு வந்துவிடும். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன். வயதானவருக்குச் சத்தம் ஆகவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பாட்டுக்கு வாத்தியம் சேர்த்து, பாடியவரை மதுரைக்குக் கூட்டிப்போய் கேசட்டில் பதிவு செய்தவன் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும். தன்னுடைய பாட்டைத் தானே கேட்கக் கூசுகிற அடக்கமான மனிதர் என்றுகூட மருமகன் ஒருமுறை சொன்னார். அடக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டை நான் கெடுத்தேன். கெட்ட பாட்டுதான் ஊர் முழுக்கப் பரவியது. கெடாத பாட்டைக் கேட்டவர்களில் மிச்சம் இருப்பது நானும் இன்னும் சிலரும்தான். அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று சில வருடங்களாக எனக்கு ஒரு தவிப்பு.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். பெண்டுலத்தை ஆட்டிவிட்டு, கடிகாரத்தைக் கையில் பிடித்து, அலைவு நேரம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தே பாதி ஆயுள் போயிற்று. மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தேன். பிறகு கீபோர்டு வந்தபோது அதற்கு மாறினேன். குழுவில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் நடத்துகிற வேலையும் என்மேல் விழுந்தது. எந்தப் பாட்டு முதலில், எந்தச் சுருதி, என்ன டெம்போ என்று நான்தான் சொல்வேன். மதுரையில் ஒரு வாத்தியக் கடையில் மெட்ரோனோம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மரக்கூண்டுக்குள் ஊசி ஆடும், டக் டக் என்று தட்டும். ஒத்திகையில் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஸ்டூலில் வைப்பேன். எங்கள் டோலக் வாசிப்பவர் அதை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"ஊசிக்கு வேர்க்காது சார். நமக்கு வேர்க்கும்லா" என்பார்.

அவர் சொன்னது சரி. மேடையில் டெம்போ ஒருவர் சொல்லி வருவதில்லை. முதல் பாட்டு எப்போதும் ஓடிவிடும், கைக்குள் இருக்கிற பயம் அது. கூட்டம் உட்கார்ந்து, முறுக்குக்காரர் ஒரு சுற்று போய்வந்து, முன்வரிசையில் யாராவது தொடையில் தட்ட ஆரம்பித்த பிறகுதான் பாட்டு தன் நடைக்கு இறங்கும். கல்யாண வரவேற்பில் சாப்பாட்டுப் பந்தி மாறும்போது வேகம் கூடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, கூடும். ஒரே பாட்டு திருத்தங்கலில் ஒரு நடை, ஆமத்தூரில் ஒரு நடை. அது எனக்குக் குறையாகவே பட்டது. ஒரே நீளமுள்ள கயிற்றில் தொங்கும் குண்டு ஊருக்கு ஊர் வேறு வேகத்தில் ஆடுமா என்று கேட்பேன். டோலக்காரர் சிரிப்பார்.

அந்தப் பாட்டைப் பாடியவரை நாங்கள் முதலில் கேட்டது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஆயுத பூஜைக் கச்சேரியில். அங்கே புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். கச்சேரி முடிந்து நாங்கள் வயர்களைச் சுருட்டும்போது கூட வேலை செய்யும் பெண்கள் அவரைப் பிடித்துத் தள்ளி மேடையில் ஏற்றிவிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்காமல் எட்டி நின்றே பாடினார். அம்மனைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. கரிசல் காட்டில் கானல் பறக்கிற வெயிலில் அம்மன் நடந்து வருகிறாள். அவளை ஒரு வீட்டுப் பெண் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

"கானல் மிதிச்சு வந்தவளே
கொஞ்சம் கால் ஆறிப் போ தாயி."

இந்த 'கொஞ்சம்' என்ற இடத்தில் நிறுத்துவார். சும்மா நிறுத்துவதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, மூச்சை உள்ளே வாங்குவது கேட்கும். அம்மன் நிற்கிறாளா, போய்விடுவாளா என்று பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகுதான் 'கால் ஆறிப் போ' வரும். டோலக்காரர் சுருட்டிய வயரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் கையைத் தோலின்மேல் வைத்துக்கொண்டு அவரும் காத்திருந்தார்.

அடுத்த பங்குனிக்கு அவரை எங்கள் மேடைக்கு அழைத்தோம். அக்கினிச் சட்டி ஊர்வலம் திரும்பும் ஒரு வளைவில் எங்கள் மேடை. பங்குனி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். சட்டி எடுத்து வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், வீட்டுப் பெண்கள் குடம் குடமாக அவர்கள் காலடியில் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் பாட ஆரம்பித்ததும் நடந்தது எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வந்தவர்களின் நடை தளர்ந்தது. 'கொஞ்சம்' என்று அவர் நிறுத்தியபோது அந்த வளைவில் எல்லோரும் நின்றார்கள். கையில் நெருப்போடு, ஈரமான ரோட்டில், ஒரு மூச்சு நேரம். தண்ணீர் ஊற்றியவர்களும் நின்றார்கள். பிறகு பாட்டு நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். என் வலது கை ஆர்மோனியக் கட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. இதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை என்பதுதான் என் வருத்தம். அடுத்த வருடத்தில் இருந்து, அவர் மூச்சு வாங்கும்போது சின்னதாக ஒரு ஸ்வர ஓட்டம் வாசித்து நிரப்ப ஆரம்பித்தேன். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். டோலக்காரர் மட்டும், "அங்கன எதுக்கு சார் கைய விடுறீக?" என்று கேட்டார். வெற்றிடம் விட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்றேன். அந்த வளைவில் ஒரு கூட்டமும் கலைந்ததில்லை.

கேசட் போடலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்தார். எங்கள் பாட்டுகளில் நல்லதாகப் பொறுக்கி ஒரு கேசட். அவர் டெம்போவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேசட்டின் ஒரு பக்கத்துக்கு இத்தனை பாட்டு வந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். அதை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் தன் நடையில் பாடினால் ஒரு பாட்டே கால்வாசிப் பக்கத்தைத் தின்றுவிடும் என்று கணக்குக் காட்டினேன். ஒத்திகையில், வேகம் கூடும்படி மெட்ரோனோம் ஊசியின் எடையைக் கீழே இறக்கினேன். அந்த ஒத்திகையைப் பதிவு செய்து வீட்டில் கேட்டுப்பார்க்க ஒரு கேசட் வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்த கேசட், வளைவு மேடையில் அவர் பாடியதை டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்தது. எனக்குத் தெரிந்தேதான் அதன்மேல் பதிவு செய்தேன். அதுதான் இனி எப்போதும் இருக்கிறதே, வருடா வருடம் பாடுவாரே என்று நினைத்தேன்.

மதுரையில் அந்த ஒலிப்பதிவுக் கூடம் ஒரு வீட்டின் மாடி. சுவரெல்லாம் மெத்தை அடித்து, ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே மணி என்ன, வெயிலா மழையா என்று உள்ளே தெரியாது. முன்னால் ஆள் இல்லை, வளைவு இல்லை, நெருப்பு இல்லை. அவர் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். அதில் தட்டுச் சத்தம் மட்டும் ஓடும், அதைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும்.

"என்ன சார் இது, காதுக்குள்ள பல்லி கத்துது?" என்றார்.

"பல்லி இல்ல மதினி, மேஸ்திரி" என்றார் டோலக்காரர். "நிக்க விடாது."

முதல் தடவை பாடும்போதே 'கொஞ்சம்' என்ற இடத்தில் அவர் நின்றார், தட்டு அவரை விட்டுவிட்டு ஓடியது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூச்சு வாங்க எடமில்ல சார்."

"இடம் இருக்கு. சீக்கிரம் வாங்கிக்கங்க."

"மூச்ச எப்பிடி சார் சீக்கிரம் வாங்குறது? மருந்து ரூம்ல அவசரப்பட்டா நாங்க இருக்க மாட்டோம். இங்கன அவசரப்படலன்னா பாட்டு இருக்காதுங்கீக."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் மட்டும் மைக்கை அழுத்தி, "சார், தட்டை எடுத்துட்டு அந்தம்மா இஷ்டத்துக்கு ஒருதடவை விட்டுப் பிடிப்போமா? டேப்ல இடம் கிடக்கு" என்று கேட்டார்.

டோலக்காரர் என்னைப் பார்த்தார். அவரும் பார்த்தார், ஹெட்போன் கையில் இருந்தது.

நேரம் இல்லை என்றேன். நேரம் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கூடம் எங்களுக்குத்தான்.

பிறகு நான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். 'கொஞ்சம்' என்பதையும் 'கால்' என்பதையும் ஒட்டிப் பாடிவிட்டு, வரி முடிந்த பிறகு மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கெட்டிக்காரர், இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டார். அந்த ஒட்டின்மேல் நான் கீபோர்டில் என் ஸ்வர ஓட்டத்தை வைத்தேன். பதிவு முடிந்து, கட்டிக்கொண்டு வந்த தயிர்சோற்றைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "நல்லா வந்துச்சா சார்?" என்று கேட்டார். நல்லா வந்தது என்றேன். அது பொய் இல்லை. பதிவு துல்லியமாக வந்திருந்தது. கையைத் தட்டிக்கொண்டே கேட்கலாம், ஆடலாம். ஊசியும் பாட்டும் ஒரு மயிரிழை விலகவில்லை. இயற்பியல்காரனுக்கு வேறென்ன வேண்டும்.

கேசட் ஓடியது. ஆட்டோக்களில், டீக்கடைகளில், பள்ளி ஆண்டு விழாக்களில் எங்கும் அதுதான். அடுத்த பங்குனியில் ஊர்வலம் வருகிற வழியெல்லாம் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு. எங்கள் மேடைக்கு அவர் வந்து பாடியபோது கூட்டம் கேசட்டின் வேகத்தில் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் ஒரு அடி பின்வாங்கி, பிறகு கைதட்டலோடு சேர்ந்துகொண்டார். டோலக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டி எடுத்து வந்தவர்கள் வளைவில் நிற்கவில்லை. கால் ஆறிப் போ என்று பாட்டு சொல்கிறது, பாட்டின் வேகம் காலைத் துரத்துகிறது. வேகவேகமாகத் தாண்டிப் போனார்கள். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் போகிறார்கள்.

சில வருடங்களில் குழு கலைந்தது. டோலக்காரர் இறந்துபோனார். அந்தப் பழைய நடையைத் தன் உள்ளங்கையில் வைத்திருந்த ஒரே ஆள் அவர். அவர் தட்டிக் காட்டியிருந்தால் எனக்கு அது போதும். சாவு வீட்டில் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன்.

ஓய்வு பெற்று மனைவியும் போன பிறகுதான் அந்த இடைவெளி எனக்குள் வர ஆரம்பித்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, 'கொஞ்சம்' என்று வந்து நிற்கும். அதற்குப் பிறகு அந்த மூச்சு எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் நீண்டுகொண்டே போகிறது. அலைவு நேரம் எடுத்தவனுக்கு இது பெரிய தண்டனை.

கைபேசியில் பாட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம் என்று தெரிந்தபோது ஒரு வாரம் அதே வேலையாக இருந்தேன். குறைத்தேன். குரல் மெதுவாக வந்தது. 'கொஞ்சம்' வந்தது. அதன்பின், சொற்கள் ஒட்டிய இடமும் இழுபட்டுப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அவர் இல்லை. நான் இருந்தேன். என் கீபோர்டு, என் விரல்கள், ஒவ்வொரு ஸ்வரமாக இழுத்து இழுத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அங்கே மூச்சே வாங்கவில்லையே, எப்படி இருப்பார்? வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் வாங்காத மூச்சு வரப்போவதில்லை.

போன மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் போனேன். ஞாயிறு கம்பெனி லீவு. வீட்டில் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த மருமகள் உள்ளே பார்த்து, "அத்தே, யாரோ பெரியவுக வந்திருக்காக" என்றார்.

அவர் டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்து, உடம்பு பாதியாகிவிட்டது. என்னை அடையாளம் காண அவருக்கு நேரம் ஆகவில்லை.

"ஏத்தா, இவுகதான் சாரு. பாட்டு சாரு. வாங்க சார். சாப்பிட்டீகளா?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நெஞ்சு ஏறி இறங்கியது. வேலையை விட்டுப் பல வருடம் ஆயிற்றாம், நெஞ்சில் சளி விடமாட்டேன் என்கிறதாம். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குப்பி இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகளின் போன் அடித்தது. அந்தப் பாட்டு. என் கீபோர்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

"எங்க கம்பெனி வேன்ல வாரவுக அம்புட்டுப் பேரும் இதத்தான் சார் வச்சிருக்கோம்" என்றார் மருமகள். "ஒரு போன் அடிச்சா எல்லாரும் இடுப்பத் தடவிப் பாப்போம். எங்க அத்தை பாட்டுன்னு சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கா."

"ஆமா, நான் பாடிக் காட்டணுமாக்கும்" என்றார் அவர். முகத்தில் சந்தோஷம்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஒரு வரி போதும், பழைய மாதிரி பாட வேண்டும், கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றேன். இருமலில் எங்கே பாடுவது என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடினார்.

கேசட்டின் வேகத்தில் பாடினார். 'கொஞ்சம்கால்' என்று ஒட்டி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு மயிரிழை விலகாமல்.

"இது இல்லம்மா. முதல்ல, கம்பெனில, வளைவு மேடைல பாடுவீங்களே."

"இதுதான சார் பாடுவேன்?"

நான் முழங்காலில் மெதுவாகத் தட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இரண்டு சொல் வந்தார், பிறகு பாட்டு அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி ஓடியது. சிரித்துவிட்டார்.

"என்ன சார், டயர்ல காத்து எறங்குன மாதிரி இருக்கு. நான் இப்படியா பாடுனேன்?"

ஊரெல்லாம் போட்ட பாட்டை அவர் வீட்டு வாசலிலும்தான் போட்டிருப்பார்கள். எல்லோரையும்போல அவரும் கேட்டிருக்கிறார். அவர் பாட்டை அவரிடமிருந்தும் நான் எடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் வரைக்கும், என் கைக்கு எட்டாமல் போனாலும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். மதுரையில் உங்களைத் துரத்தியது கம்பெனிக்காரர் இல்லை, நான்தான். உங்கள் இஷ்டத்துக்குப் பாட நேரம் இருந்தது, இல்லை என்று பொய் சொன்னேன். உங்கள் பழைய பாட்டு ஒரு கேசட்டில் இருந்தது, அதை அழித்ததும் நான்தான்.

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார்.

"சும்மா இருங்க சார். நீங்க அப்பிடிச் செய்யலன்னா இது எங்க மருந்து ரூமோட போயிருக்கும். எம் பேத்தி ஸ்கூல்ல இதுக்கு ஆடுச்சு. எங்க ஆச்சி பாட்டுன்னு டீச்சர்ட்ட சொல்லிருக்கு. இதுக்குப் போயி வருத்தப்படுதீகளே."

மருமகள் தண்ணீர் கொண்டுவந்தார். "அத்தே, சாருக்கு முழுசாத்தான் பாடுங்களேன். நானும் ஒங்க வாயால முழுசாக் கேட்டதே இல்ல" என்றார்.

அவர் மருமகளைப் பார்த்து, அவருக்காகவே பாட ஆரம்பித்தார். அதே வேகம். கானல் மிதிச்சு வந்தவளே. கொஞ்சம். அங்கே மூச்சு முட்டியது. குரல் நின்றது. நெஞ்சு மேலே எழும்பி, உள்ளே காற்று ஈளையோடு இழுபடும் சத்தம் கேட்டது. என் கை முழங்காலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கையில் தண்ணீர்ச் செம்போடு மருமகளும் நின்றார். பிறகு, "கால் ஆறிப் போ தாயி" என்று மெதுவாக, பாதிக் குரலில் வந்தது.

அதேதான். அதே இடம், அதே நீளம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுஷி மூச்சுக்குத் தவிக்கிறார், நான் அதைச் சங்கீதமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மருமகள்தான் ஓடிப்போய்க் குப்பியை எடுத்து அவர் வாயில் வைத்தார், முதுகைத் தடவினார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சற்று நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா வந்துச்சா சார்?"

நல்லா வந்தது என்றேன். இன்னொரு தடவை என்று கேட்க நாக்கு நுனி வரை வந்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். கேட்கவில்லை.

சிவகாசி பஸ் வருகிற நேரம் என்று சொல்லி எழுந்தேன். மத்தியான வெயில் வாசலில் வெள்ளையாக நின்றது.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஏன் சார் அவசரப்படுறீக" என்றார் அவர், நிறுத்தி நிறுத்தி. "வெயில் தாழட்டும்."

உட்கார்ந்தேன். மருமகள் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டிருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.